சரக்கு வண்டியில் ஓர் ஆசனம்

சென்ற ஆண்டு தை மாதம், தில்லியில் ஓர் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து மற்றொன்றிற்கு நான் குடி மாறினேன். வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்கு இஃது அடிக்கடி நேரும் அனுபவம். கட்டில், இரும்பு அலமாரி, மாவரைக்கும் இயந்திரம், ஆறு பெட்டி நிறையப் புத்தகங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றியாயிற்று. மனைவியும் மகளும் ஆட்டோவில் முன்னே சென்றனர். நான் சாமான்களுக்குத் துணையாக வண்டியோட்டியின் அருகில் ஏறினேன். எனக்கு இடப்புறம், கதவோரமாக, சுமை தூக்கும் இளைஞர் ஒருவர் அமர்ந்தார். இருவருக்கென அமைந்த இடத்தில் மூவர்.

ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னே சென்ற வண்டி சட்டென்று நிற்கவே, எம் வண்டியோட்டியும் பிரேக்கை அழுத்தினார். அக்கணத்தில் நான் அமர்ந்திருந்த ஆசனம் பின்புறத்தில் மேலெழுந்து, என்னை முன்னே கவிழ்த்தது. நெற்றி முன்பலகையில் மோதிற்று. பெரிய காயமில்லை, வீக்கம் நான்கு நாள் இருந்தது. வண்டியோட்டி மிகவும் வருந்தி, "பாபுஜி, இந்த சீட்டின் லாக் போய் ஆறு மாதமாயிற்று. கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். உங்கள் அலமாரியைக் கட்டக் கயிறு போதவில்லை, அதனால் இதை அவிழ்த்துவிட்டேன்" என்றார். என் அலமாரி ஒரு கீறலுமின்றிப் புது வீடு வந்து சேர்ந்தது.

அன்று முதல் இந்தச் சிறு சரக்கு வண்டிகளின் ஆசனத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், தொழிலால் மொழிபெயர்ப்பாளன். ஆயினும் இவ்விஷயத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு பங்கு உண்டு. "சரக்கு வண்டி", "பிரயாணி வண்டி" என்னும் இரண்டு சொற்களுள் எதன் கீழ் ஒரு வண்டி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அதிலுள்ள ஆசனம் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் முடிவாகிறது. அமர்பவன் மட்டும் இரண்டிலும் ஒரே எலும்பும் சதையும் கொண்டவன்தான்.

ஆசனம் என்றவுடன் மெத்தையும் ரெக்ஸின் உறையுமே நம் நினைவுக்கு வருகின்றன. பொறியியல் வல்லுநர்களுக்கு அஃது ஒரு பாதுகாப்புக் கருவி. அதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு சுவரில் மோதினால், அவ்வேகம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். வண்டியின் முன்பாகம் நசுங்கி 60 சென்டிமீட்டர் தூரத்திற்குள் அது நின்றுவிடுமாயின், உள்ளே இருப்பவன்மீது அவன் எடையைப்போல் பதினாறு மடங்கு விசை செயற்படும். அறுபது கிலோ எடையுள்ளவன் அக்கணத்தில் ஒரு டன் பொருளாகி முன்னே பாய்கிறான். இருபது கிலோ எடையுள்ள ஆசனமும் சும்மா இருப்பதில்லை. அதுவும் முந்நூறு கிலோ விசையுடன் தன் போல்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு புறப்படப் பார்க்கிறது. வண்டித் தரையில் அதனைப் பிணைத்திருக்கும் நான்கு போல்ட்டுகளே அதற்கும் மனிதனுக்கும் காவல்.

இந்தக் காவல் எவ்வெவ்விடங்களில் தவறுகிறது? ஓட்டுபவரின் ஆசனம் முன்னும் பின்னும் நகர்வதற்குத் தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புப் பட்டைகள்மீது அமைந்திருக்கும். பட்டையின் பற்களில் ஒரு கொக்கி சிக்கி அதனை நிறுத்துகிறது. பற்கள் தேய்ந்தாலும், இடையில் மண்ணோ நெல்லோ புகுந்தாலும், ஒரு பக்கக் கொக்கி பற்றி மறுபக்கக் கொக்கி பற்றாமல் நின்றுவிடும். அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும். அப்பொழுது கால் பிரேக்கிலிருந்து விலகிவிடுவதும் உண்டு.

எஞ்சின் ஆசனத்தின் அடியில் அமைந்த வண்டிகளில் வேறொரு சங்கடம். எண்ணெய் பார்ப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆசனத்தையே மூடிபோலத் தூக்கியாக வேண்டும். ஆதலால் முன்புறம் கீலும், பின்புறம் தாழ்ப்பாளும் வைத்திருப்பர். நாள்தோறும் தூக்கித் தூக்கி வைக்கும் தாழ்ப்பாள் விரைவில் தளர்ந்துவிடுகிறது. என் நெற்றியில் கை வைத்தது இதுவேயாம். வாடகைக்கு ஓடும் வண்டியில் டயர் தேய்ந்தால் வண்டி ஓடாது, எனவே மாற்றுகிறார்கள். தாழ்ப்பாள் தேய்ந்தாலோ வண்டி நன்றாகவே ஓடுகிறது.

சாய்மானத்தின் குறை இவற்றினும் ஆழமானது. பின்னால் வரும் வண்டி நம்மீது மோதினால், நம்மைத் தாங்குவது இடுப்புப் பட்டையன்று. முதுகுக்குப் பின்னுள்ள சாய்மானமே. அது மடிந்து பின்னே சாய்ந்துவிட்டால், உடல் பட்டையிலிருந்து நழுவி மேல்நோக்கிப் பின்னே செல்கிறது. மோட்டார் காரில் பின் ஆசனத்திலுள்ள குழந்தைமீது அது விழும். ஒற்றைக் கேபின் பிக்கப்பில் குழந்தைக்கு இடமில்லை. நான்கு விரற்கடை தூரத்தில் இரும்புச் சுவரும் கண்ணாடியும் இருக்கின்றன. தலை போய் அதில்தான் மோதும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆசனத்தின் உறுதிக்கென 207 என்ற எண் கொண்ட விதி 1968ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசனம் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. சாய்மானத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதன் அளவை நம் வழக்கில் சொல்வதானால், அரை மீட்டர் உயரமுள்ள சாய்மானத்தின் உச்சியில் எழுபத்தாறு கிலோ பாரத்தைப் பின்னோக்கி மெதுவாக இழுத்துக் கட்டுவது போன்றதாகும். மெதுவாக என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். விபத்து மெதுவாக நிகழ்வதில்லை. இச்சோதனை போதாது என்று 1989ஆம் ஆண்டிலேயே விண்ணப்பங்கள் எழுந்தன. ஆராய்ச்சி நெடுநாள் நடந்தது. 2004ஆம் ஆண்டில் விதியை மாற்றும் முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மீண்டும் தொடங்குமாறு பணித்தது. 2024ஆம் ஆண்டில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் முன்னறிவிப்பு வெளியாயிற்று. ஒரு விதி எழுதப்பட்டபோது பிறந்த குழந்தை, அவ்விதி திருத்தப்படுமா என்னும் பேச்சு நடக்கையில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டது. அரசாங்கக் கோப்புகளோடு வாழ்பவனாகிய எனக்கு இது வியப்பளிக்கவில்லை, வருத்தமளித்தது.

தலைக்குப் பின்னால் வைக்கும் அணைப்பின் வரலாறும் கேட்கத் தக்கது. பிரயாணி கார்களின் முன் ஆசனத்திற்கு அது வேண்டும் என்று அந்நாடு 1969ஆம் ஆண்டு சனவரியிலேயே கட்டாயமாக்கியது. பிக்கப் முதலிய சிறு லாரிகளுக்கு அவ்விதி வந்தது எப்பொழுது? 1991ஆம் ஆண்டு செப்டம்பரில். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். இத்தனைக்கும் அந்நாட்டில் பிக்கப் வண்டி குடும்ப வாகனமாகவே வழங்கி வருகிறது. மனைவி மக்களுடன் கடைக்கும் கோயிலுக்கும் அதிலேயே செல்வர். ஏட்டில் அது சரக்கு வண்டியாயிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் மாறான கதை ஒன்றும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மேற்கு ஐரோப்பாவில் மலிவாக வந்து குவியவே, அந்நாடுகள் அதன்மீது வரி விதித்தன. அமெரிக்கா பதிலடி கொடுத்தது. ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் பிறப்பித்த பிரகடனத்தின்படி, உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி முதலியவற்றோடு சிறு லாரிகளுக்கும் நூற்றுக்கு 25 வீதம் இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்; வணிகச் சண்டையில் அப்படித்தான். மற்றப் பொருள்கள்மீதிருந்த வரி பிற்காலத்தில் நீங்கியது. லாரி வரி நிலைத்துவிட்டது. பிரயாணி கார்களுக்கோ அந்நாளில் தீர்வை அதில் ஒரு சிறு பங்காகவே இருந்தது.

ஜப்பானிய நாட்டு சுபாரு கம்பெனியார் 1978ஆம் ஆண்டு மாடலாக 'பிராட்' என்னும் சிறு பிக்கப்பை அமெரிக்காவிற்கு அனுப்பினர். அதன் சரக்குத் தட்டில் இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களைப் பின்புறம் நோக்கியவாறு பற்றவைத்தனர். ஆசனம் இருப்பதால் அது பிரயாணி வண்டி. பிரயாணி வண்டியாதலால் 25 வீதத் தீர்வை இல்லை. அவ்வாசனத்தில் பட்டை இருந்தது; கைக்குப் பிடியும் இருந்தது. தலைக்கு மேல் வானம் இருந்தது. வண்டி கவிழ்ந்தால் தாங்குவதற்குக் கூரையில்லை, பக்கங்களில் கதவில்லை, பின்னால் ஒரு லாரி வந்து மோதினால் அதனை முதலில் சந்திப்பது அமர்ந்திருப்பவரின் முழங்கால்களே. மக்கள் அதில் உல்லாசமாக ஏறிச் சென்றனர். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன் தம் பண்ணையில் 1978ஆம் ஆண்டு மாடல் பிராட் ஒன்றை வைத்திருந்தார். 1985ஆம் ஆண்டு மாடலுக்குப் பின் அவ்வாசனங்கள் நின்றுவிட்டன. 1987ஆம் ஆண்டோடு அவ்வண்டியே அங்கு விற்பனைக்கு வருவது நின்றது. அமர்வதற்காக அல்லாமல் சுங்க அதிகாரியின் கண்ணுக்காக ஆசனம் செய்யப்பட்டது உலகில் அபூர்வமே.

ஓட்டுபவரின் ஆசனத்திற்குப் பின்னாலுள்ள சிறு இடுக்கில் மடக்கு ஆசனம் வைத்த பிக்கப்புகளும் அங்குப் பல்கின. பக்கவாட்டில் நோக்கியவாறு பலகைபோன்ற இருக்கை. குழந்தைகளை அதில் அமர்த்துவது வழக்கமாயிற்று. இவ்வகைச் சிறு வண்டிகளில் செல்லும் குழந்தைகள் விபத்தில் காயமுறும் வாய்ப்பு, பிற வண்டிகளிற் செல்லும் குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2002ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பின்னிருக்கைகளை மட்டும் ஒப்பிட்டபோது வேற்றுமை இன்னும் பெரிதாக இருந்தது.

புதிய வண்டியாயின் குறை இராது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஆசன உறை எளிதில் தீப்பற்றலாகாது, நிமிடத்திற்கு நான்கு அங்குலத்திற்கு மேல் தீ பரவக் கூடாது என்று அமெரிக்காவில் 1972 முதல் விதி உண்டு. 2014ஆம் ஆண்டு சனவரியில் டொயோட்டா கம்பெனியார், குளிர்காலத்தில் சூடேற்றும் கருவி கொண்ட ஆசனங்களின் துணியொன்று இவ்விதிக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு, சில கார்களோடு டக்கோமா, டண்ட்ரா என்னும் பிக்கப்புகளின் விற்பனையையும் அங்கு நிறுத்திவைத்தனர். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனியார் எஃப்-150 என்னும் பிக்கப்புகளில் ஏறத்தாழ இருபது லட்சத்தைத் திரும்ப அழைத்தனர். மோதலின்போது ஆசனப் பட்டையைச் சட்டென்று இறுக்கும் சிறு வெடிகருவி, தேவைக்கு மேல் தீப்பொறி சிந்தி, அருகிலுள்ள பொருள்களைப் பற்றவைக்கக் கூடும் என்பது காரணம். காக்க வந்த கருவியே தீமூட்டிற்று.

நிற்க. நம் நாட்டிற்கு வருவோம்.

இங்கே பிக்கப் வண்டி குடும்ப வாகனமன்று, வயிற்றுப் பிழைப்பு. 2005இல் வெளிவந்த ஒரு சிறு சரக்கு வண்டிக்கு நம் ஊரில் 'குட்டி யானை' என்றும், வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் மக்களே பெயரிட்டனர். எந்த மொழிபெயர்ப்பாளனும் உட்கார்ந்து செய்ததன்று. ஆயினும் இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் அலுவலகத்தில் அதிகம் கண்டதில்லை. யானையின் முதுகில் ஏறுவதுபோலவே மக்கள் இத்தகைய வண்டிகளின் முதுகிலும் ஏறுகின்றனர். கட்டட வேலைக்குச் செல்லும் கூலியாட்கள், பங்குனி உத்திரத்திற்குக் காவடியோடு செல்லும் அன்பர்கள், சீர்வரிசைத் தட்டுகளோடு செல்லும் உறவினர், எல்லோரும் சரக்குத் தட்டில் நின்றவாறும் ஓரத்தில் அமர்ந்தவாறும் செல்வதைப் பெங்களூரிலும் பார்க்கலாம், தில்லியிலும் பார்க்கலாம். அங்கே ஆசனத்தில் குறையில்லை, ஆசனமே இல்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதை வெளி மாநிலத்தில் வாழும் நாம் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். ஊர்ப்பெரியவர் எவரும் உடனே துணைக்கு வர இயலாத இடத்தில் நாம் இருக்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவு கட்டாய இன்ஷூரன்ஸ் யாரையெல்லாம் காக்கும் என்று கூறுகிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியும் அவ்வண்டியிற் செல்கையில் காப்புப் பெறுவர் என்று சேர்த்தது. மற்றபடி இனாமாக ஏறிச் செல்லும் பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டிச் சொந்தக்காரரின் ஊழியர்கள் நிலை வேறு. அவர்களுக்குத் தொழிலாளர் நட்டஈட்டு முறையில் காப்பு உண்டு. சில வழக்குகளில் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துப் பின்னர்ச் சொந்தக்காரரிடம் வசூலிக்கட்டும் என்று நீதிமன்றங்கள் இரங்கியதும் உண்டு. ஆனால் உறவினர் திருமணத்திற்கெனத் தட்டில் ஏறிச் சென்று உயிரிழந்தவரின் குடும்பம், ஒரே ஒரு பழைய வண்டியைத் தவிர வேறு சொத்தில்லாத சொந்தக்காரரிடம் எதனைப் பெற முடியும்?

என் அலமாரிக்குத் துணையாகச் சென்ற நான் சரக்கின் சொந்தக்காரன். சட்டத்தின் நிழல் எனக்கு இருந்தது. ஆயினும் இருவர் இடத்தில் மூன்றாமவனாக, பட்டையின்றி அமர்ந்திருந்தேன். பட்டை அணியாமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயிரம் ரூபாய் அபராதம்.

வண்டிகளை மோதவைத்துப் பார்த்து நட்சத்திரக் குறி வழங்கும் 'பாரத் என்-கேப்' திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கிற்று. அது 'எம்-1' எனப்படும் பிரயாணி வண்டிகளுக்கு உரியது. சரக்குப் பிக்கப்புகள் 'என்-1' என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. ஆதலின் அக்குறியை அவற்றில் தேடுவது வீண். இங்கும் ஓர் எழுத்தே வேலி.

எனினும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 110-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திற்கு அளித்தது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டிற்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். சரக்கு வண்டிகளும் இதில் அடங்கும். வண்டி வைத்துப் பிழைக்கும் நேயர்கள், தாழ்ப்பாளோ வெல்டிங்கோ புதுவண்டியிலேயே விட்டுப்போனால் பட்டறையில் தாமே ஒட்டிக்கொண்டு மறந்துவிடாமல், கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அரசாங்கத்தின் 'வாகன்' இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். இத்தனை பேர் முறையிட்டால்தான் விசாரணை என்று விதியில் கணக்கு இருக்கிறது. முறையீடு இல்லாத குறை கணக்கில் ஏறாது. பழைய வண்டி வாங்குவோர் அதன் சட்டக எண்ணைக் கம்பெனியின் கிளையில் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

வாடகைக்கு ஏறுவோரும் அரை நிமிடத்தில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஏறுமுன் சாய்மானத்தின் உச்சியை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிறகு ஆசனத்தின் பின்புறத்தை மேலே தூக்கிப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியானதாயின் அசையாது. பட்டையை வெடுக்கென்று இழுத்தால் அது பூட்டிக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் பட்டையின் பூட்டு ஆசனத்திற்கு அடியில் புதைந்து கிடக்கும். அதனைத் தோண்டி எடுப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எத்தனை பேர் அமரலாம் என்பது பதிவுச் சான்றில் எழுதியிருக்கும். அதற்கு மேற்பட்டவர் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வரட்டும். முதுகுக்குப் பின்னுள்ள சரக்கையும் பாருங்கள். இரும்புக் குழாய், மரச்சட்டம் போன்றவை கேபினை நோக்கிக் கூர்முனை காட்டிக் கிடந்தால் ஏறாதீர்கள். வண்டி நின்றாலும் அவை நிற்பதில்லை, எந்தச் சாய்மானமும் அவற்றைத் தாங்காது. குஷன் கடையில் உறை மாற்றுவோர் விலை மலிந்த ஸ்பாஞ்சை விட்டுத் தீ எளிதிற் பற்றாத வகையைக் கேட்டு வாங்குவது நலம்.

என் கதையை முடித்துவிடுகிறேன். சாமான்களை இறக்கிய பின் வண்டியோட்டியும் நானும் அருகிலிருந்த பட்டறைக்குச் சென்றோம். மெக்கானிக் பழைய தாழ்ப்பாளைக் கழற்றி, ஒரு கொக்கியும் ஒரு ஸ்பிரிங்கும் மாற்றினார். அரை மணி நேரம் ஆயிற்று. செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு நிகர். கூலியில் கழித்துக்கொள்ளட்டும் என்று வண்டியோட்டி கூற, நான் கழிக்கவில்லை. சில வாரங்களுக்குப் பின் மற்றொரு நண்பரின் வீட்டு மாற்றத்திற்காக அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நன்றாயிருக்கிறது பாபுஜி, இப்பொழுது ஒரு கயிறு கூடுதலாக இருக்கிறது" என்றார்.